உங்கள் ஓரகத்தியின் பச்சை ஸ்வெட்டர்

பெருமதிப்பிற்கும் ஓரளவு பயத்திற்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கடைசிக் கொழுந்தன் கைகூப்பி எழுதுவது. இங்கே நான், உங்கள் ஓரகத்தி, நீங்கள் கொடுத்தனுப்பிய தையல் மெஷின் ஆகிய மூவரும் சுகம். என் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை, அந்தக் கதை பின்னால் வருகிறது. அங்கே நீங்களும் அண்ணனும் அண்ணனுடைய இரண்டு முழங்கால்களும் சுகமாக இருக்க வேண்டுமென்பது என் விருப்பம். எல்லாவற்றையும் போனில் பேசும் காலத்தில் இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. உங்களிடமிருந்து எனக்கு ஒரு மன்னிப்பு வேண்டியிருக்கிறது அண்ணி. அதை எழுத்தில் கேட்டால்தான் மரியாதை, எழுத்தில் வந்தால்தான் சட்டம் போட்டு மாட்ட முடியும்.

எதற்கு மன்னிப்பு என்று கேட்பீர்கள். நான் லிஃப்ட் ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி உங்கள் ஓரகத்தியின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தபோது, "தம்பி, கைக்கு ஒரு வேலை குடுங்க, மனசு தானா அடங்கும்" என்று சொல்லித் தையல் மெஷினையும், இரண்டு ஜோடிப் பின்னலூசிகளையும், ஒரு பை நிறையக் கம்பளி நூலையும் அனுப்பி வைத்தது நீங்கள்தான். அதற்கு என் நன்றி என்றும் உண்டு. ஆனால் நான் ஆசையாகப் பின்னி அனுப்பிய குல்லாயைப் பார்த்துவிட்டு நீங்கள் போனில் என்ன சொன்னீர்கள்? "கை நல்லா ஓடுது தம்பி. ஆனா உங்களுக்குன்னு ஒரு டிசைன் தோணமாட்டேங்குதே. புத்தகத்தைப் பார்த்து அப்படியே போடறீங்க. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு வெளியே போய்ப் பாருங்க. தோணுறவங்களுக்குத் தோணும், தோணாதவங்க நாற்காலிக்கு உறை தெச்சுக்கிட்டு இருக்க வேண்டியதுதான்" என்றீர்கள். பின்னாலிருந்து அண்ணன் சிரித்தது தெளிவாகக் கேட்டது.

அந்த நேரத்தில் என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே வீட்டில் என் கைவேலைகளுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லை. முதலில் தைத்த சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாக அமைந்துவிட்டது. அடுத்துப் பின்னிய ஸ்வெட்டரில் எல்லாம் சரி, தலை மட்டும் நுழையவில்லை. அது இப்போது நிஜமாகவே சாப்பாட்டு மேஜை நாற்காலியின் முதுகில்தான் இருக்கிறது, நீங்கள் சொன்ன நாற்காலி உறை அதுவே. வீட்டுக்குள் உங்கள் ஓரகத்தி எதைக் கொடுத்தாலும் போட்டுக்கொள்வாள், குறை சொல்ல மாட்டாள். ஆனால் வாசல் மணி அடித்தால் கதவைத் திறக்கும் முன் கழற்றிவிடுவாள். அண்ணி, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தக் கழற்றும் வேகம் எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு வலித்தது தெரியுமா?

ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிப் பிரிவுக்கு அவளையே தலைவியாகப் போட்டுவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பொறுப்பேற்கிற நாளில் டீ, கேக், போட்டோ என்று சின்னதாக ஒரு கூட்டம். "அன்னிக்கு நீ போட்டுக்கிறதுக்கு நான் ஒண்ணு பண்ணித் தரேன்" என்றேன். அவள் என்னை நாடித்துடிப்பு பார்ப்பவள்போல் சிறிது நேரம் பார்த்தாள். "சரிங்க. நான் வெட்கப்படாம வாசலைத் தாண்டற மாதிரி இருந்தா போட்டுக்கிறேன். இல்லேன்னா மெஷின் அக்காவுக்கே திரும்பிப் போகும். மெஷின் இருக்கிற ரூம்ல நான் உடற்பயிற்சி சைக்கிள் போட்டுக்குவேன். நீங்க கீழ்வீட்டு ஹெட்லைட் சாரோட காலையில நடக்கப் போகணும்" என்றாள். ஹெட்லைட் சார் வழுக்கைத் தலை பளபளக்கும் நல்ல மனிதர்தான். ஆனால் நடக்கும் நேரம் முழுவதும் தன் வயிறு நேற்று எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது என்பதைத் தவிர வேறு எதையும் பேச மாட்டார். ஒப்பந்தம் கையெழுத்தாகாத குறைதான்.

எனவே நீங்கள் சொன்னபடி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டேன் அண்ணி. திறந்த கண்ணில் முதலில் பட்டது எங்கள் குளியலறைச் சுவர். குழாய்க்குப் பின்னால் ஈரம் இறங்கி, அடியில் கரும்பச்சை, நடுவில் பாசிப்பச்சை, மேலே சாம்பல் பூத்த ஒரு பச்சை, ஒன்றிலிருந்து ஒன்று எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் கலந்து நின்றது. அடடா, இந்த நிறத்தை எந்தக் கடையில் கேட்டு வாங்குவது என்று ஒரு துண்டுச் சுண்ணாம்பைப் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக் கம்பளி நூல் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, உள்ளே போய் மூன்று பச்சையும் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் உங்கள் ஓரகத்தி பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடருமாக அந்தச் சுவர் முன்னால் நிற்கிறாள். "அதைத் தொடாதே, அது என் டிசைன்" என்று கத்திவிட்டேன். "இது டிசைன் இல்லீங்க, பூஞ்சை. நுரையீரலுக்குள்ள போனா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்துத் தள்ளிவிட்டாள். பரவாயில்லை, நிறம் என் பைக்குள் வந்துவிட்டது.

நிறம் கிடைத்தால் போதுமா, பின்னல் வேண்டாமா? அதற்காகப் பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவதும் வருவதுமாக இருந்தேன். பேருந்தில் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள், பார்க்க வசதி. ஒருநாள் எனக்கு முன் இருக்கையில் பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். அவர் முதுகில் இரண்டு கயிறுகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, நடுவில் பிரிந்து, மறுபடி சேர்ந்து கழுத்து வரை ஏறிப் போயின. எனக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை கண்ணிக்கு ஒருமுறை முறுக்கு விழுகிறது என்று எண்ணத் தொடங்கினேன். பேருந்து ஆட, எண்ணிக்கை தவற, மறுபடி முதலிலிருந்து எண்ண, கடைசியில் விரலை வைத்து எண்ணினால்தான் சரிப்படும் என்று தோன்றி வைத்தும்விட்டேன். அவர் திரும்பினார். "என்ன சார்?" "ஒண்ணுமில்ல, எண்ணிட்டிருக்கேன்." "என்னத்த எண்றீங்க?" "உங்க முதுகை." அவர் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். பாதி முறுக்கில் விட்டுவிட முடியுமா அண்ணி, நானும் இறங்கினேன். அவர் வேகமாக நடந்தார், நானும் நடந்தேன். அவர் தெருவைக் கடந்தார், நானும் கடந்தேன். கண்ணில் பட்ட முடிதிருத்தும் கடைக்குள் அவர் புகுந்துகொள்ள, நானும் புகுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். முடிவெட்டுபவர் உடனே அவர் கழுத்திலிருந்து கால் வரை வெள்ளைத் துணியைப் போர்த்திவிட்டார். போயிற்று முதுகு! அதற்குள் இன்னொருவர் வந்து எனக்கும் துணியைப் போர்த்தி, "எப்படி வெட்டணும்?" என்றார். எனக்கு இருக்கிற முடிக்கு அந்தக் கேள்வியே அதிகம்.

துணியை எடுத்ததும் அந்த ஸ்வெட்டர்க்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பையில் இருந்த ஊசியையும் பச்சை நூலையும் காட்டினேன். "அட, இதை முதல்லயே சொல்லக்கூடாதா சார்? இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்லித் துரத்தறீங்கன்னு நினைச்சு இல்ல ஓடி வந்தேன்" என்று சொல்லி, கண்ணாடியைப் பார்த்தபடி முதுகைக் காட்டி நின்றார். முடிவெட்டுபவர் சீப்பின் நுனியால் கண்ணி கண்ணியாகத் தொட்டுக் காட்ட, நான் எண்ணி எழுதிக்கொண்டேன். கடையில் காத்திருந்தவர்களும் கூடவே எண்ணினார்கள். மனிதர்கள் நல்லவர்கள் அண்ணி, விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தை லிஃப்டில் நான் மறந்துவிட்டேன். உங்கள் ஓரகத்தி மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனதால் அதைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். லிஃப்டில் என்னுடன் ஒரு அம்மையார் ஏறினார். மேலே நீளமான கோட்டு. அவர் இரண்டு கையையும் இடுப்போரமாகக் கொண்டுபோனார், கை காணாமல் போய்விட்டது! பாக்கெட் இருக்கிறது, ஆனால் வாய் எங்கே என்று தெரியவில்லை. பக்கத் தையலுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறார்கள். குனிந்து பார்த்தேன், லிஃப்டுக் கண்ணாடியில் பார்த்தேன், பிடிபடவில்லை. அவர் இறங்கும் மாடியோ வந்துகொண்டிருக்கிறது. முப்பது வருஷப் பழக்கம் பாருங்கள், என் கட்டைவிரல் என்னைக் கேட்காமலே சிவப்புப் பட்டனை அழுத்திவிட்டது. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றது. "என்ன ஆச்சு?" என்றார் அம்மையார். "பயப்படாதீங்கம்மா, உங்க பாக்கெட்டைப் பார்த்துட்டு விட்டுடறேன்" என்றேன். அவர் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலைக்குப் போனார். சந்தேகத்தைத் தீர்க்கலாமென்று பையிலிருந்து பின்னலூசிகளை எடுத்துக் காட்டினேன். இரண்டும் முழங்கை நீளம், நுனி கூர். அவர் போட்ட சத்தத்தில் மேலே கீழே எல்லா மாடியிலும் ஆள் கூடிவிட்டது.

மறுபடி பட்டனை அழுத்தினால் லிஃப்ட் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. மெக்கானிக் வந்து கதவைப் பிளந்து எட்டிப் பார்த்தால், முன்பு எனக்குக் கீழே வேலை பார்த்தவர்! "சார், நீங்களா? ரிட்டயர் ஆன பிறகும் ஆய்வு விடலையா?" என்று சல்யூட் அடித்தார். நான் சட்டென்று முதுகை நிமிர்த்தி, "நிறுத்தும் பட்டன் நல்லா வேலை செய்யுது. கிளப்பறதுதான் பழுது. கவனிங்க" என்றேன். அந்த அம்மையார் நீளமாக மூச்சு விட்டார். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அவர்தான் அந்த ஆஸ்பத்திரியின் டைரக்டர். உங்கள் ஓரகத்தி சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னைத் தலைவியாப் போட்ட அம்மாவை, நான் பொறுப்பேத்துக்கிறதுக்கு முன்னாடியே ஊசியைக் காட்டி மிரட்டினீங்களாமே?" என்று கேட்டாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டை நானே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் அந்த அம்மையார் கைப்பையை அணைக்கக் கைகளை வெளியே எடுத்தபோது பக்கத் தையல் பிளந்து மூடியதைப் பார்த்துவிட்டேன், பாக்கெட்டின் சூட்சுமம் என் மண்டைக்குள் வந்துவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் கயிறு முறுக்கைப் பழகிப் பழகி மணிக்கட்டு வீங்கிவிட்டது. எங்கே போவது? அவளுடைய பிரிவுக்கேதான். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு இளம் டாக்டர்ப் பெண் என் கையைத் திருப்பிப் பார்த்து, "என்ன வேலை பண்றீங்க அங்கிள்?" என்றாள். "லிஃப்ட் ஆய்வாளர்மா. ஓய்வு." "அதுல மணிக்கட்டுக்கு என்ன வேலை?" "ஒரு விரலால பட்டன் அழுத்தணும்." திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "ஸ்வெட்டர் போடறார்னு எழுதிக்கோ. வலி போற வரைக்கும் ஊசியைத் தொடக்கூடாதுன்னும் எழுதிக்கோ" என்று உங்கள் ஓரகத்தியின் குரல் வந்தது.

கையில் சூட்டு ஒத்தடத்தைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேனா, திரையின் இடைவெளி வழியாக அவள் வேலை செய்வது தெரிந்தது. இத்தனை வருஷத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை அண்ணி. ஒரு பருத்த பெரியவரின் காலைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, "மூச்சை விடுங்க, இன்னும் கொஞ்சம், அவ்வளவுதான், அவ்வளவுதான்" என்று குழந்தையைக் கொஞ்சுவதுபோல் மடக்குகிறாள். அந்த அறையில் ஏசி குளிர் என் பல்லையே கிட்டிக்க வைத்தது. அவளும் ஒரு பழைய ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். ஆனால் குனியும்போதெல்லாம் அதன் கை மணிக்கட்டுக்குச் சரிகிறது. இரண்டு கையும் காலைப் பிடித்திருப்பதால் முகவாயாலேயே கையை மேலே தள்ளிவிடுகிறாள். மார்புப் பாக்கெட்டிலிருக்கும் பேனா ஒவ்வொரு தடவையும் அந்தப் பெரியவரின் வயிற்றில் விழுகிறது. அவர் அதை எடுத்து எடுத்துக் கொடுக்கிறார். இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை, அது அந்தச் சிகிச்சையில் ஒரு பகுதி மாதிரி நடந்தது. நான் ஒத்தடம் ஆறிப்போனது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும், ஓரம் இறுக்கிப் பிடிக்க வேண்டும், மார்பில் பாக்கெட்டே கூடாது, பக்கத் தையலுக்குள் ஆழமாக இரண்டு வேண்டும். தோன்றிவிட்டது அண்ணி! நீங்கள் சொன்னீர்களே, தோணுறவங்களுக்குத் தோணும் என்று. தோன்றிவிட்டது!

அப்புறம் கேட்க வேண்டுமா? அவள் காலையில் கிளம்பிய பிறகு ஊசியை எடுப்பேன், அவள் வரும் நேரத்துக்கு மணிக்கட்டில் பட்டையைச் சுற்றிக்கொண்டு சோபாவில் சாய்ந்துவிடுவேன். தினமும் வந்ததும் கையைப் பிடித்துப் பார்ப்பாள். "வீக்கம் குறையவே இல்லையே. பகல்ல என்ன செய்றீங்க?" "ஓய்வெடுக்கிறேன்." "ஓய்வெடுத்தா வீங்குமா?" இதற்கெல்லாம் நான் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். அடியில் கரும்பச்சை, நடுவில் பாசிப்பச்சை, தோளில் சாம்பல் பச்சை. முதுகில் அந்தப் பேருந்துக்காரரின் கயிறு முறுக்கு. பாக்கெட்டின் உள்பைகளை என் பழைய நீலக்கோடு போட்ட சட்டையை வெட்டி, உங்கள் மெஷினில் தைத்து, வாய் வெளியே தெரியாதபடி பக்கத்தில் பொருத்தினேன். பட்டனுக்கு ஓட்டை போடும் வித்தை இன்னும் எனக்குக் கைவரவில்லை, எனவே முன்பக்கம் திறந்தே இருப்பதுதான் இப்போதைய மோஸ்தர் என்று முடிவு செய்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் அவளிடம் கொடுத்தேன். விரித்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். கையை இழுத்து விட்டுப் பார்த்தாள். சிரிக்கவில்லை. "பகல்ல ஓய்வெடுத்தது இதுதானா?" என்றாள். "ஆமா." "பார்க்கலாம்" என்று நாற்காலி மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் அண்ணி? பொழுது விடிவதற்குள் ஹெட்லைட் சாரின் வயிற்று விவரங்கள் அத்தனையும் எனக்குக் கேட்பதுபோல் இருந்தது. காலையில் நான் குளியலறையில் இருக்கும்போது வாசற்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. துண்டோடு ஓடி வந்து பார்த்தேன். நாற்காலி காலி! பால்கனிக்கு ஓடினேன். ஐந்தாவது மாடியிலிருந்து பார்த்தால் ஆளின் தலையும் தோளும்தான் தெரியும். இரண்டு பச்சைத் தோள் தெருமுனையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமில்லை, கண் கலங்கிவிட்டது. எதிர்வீட்டுப் பால்கனிக்காரர் எனக்குச் சோப்பு கண்ணில் போய்விட்டது என்று நினைத்திருப்பார்.

சாயங்காலம் வெயிலென்று கழற்றிக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். "எல்லாரும் எங்க வாங்கினேன்னு கேட்டாங்க. டைரக்டர் அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க. இப்படி ஒண்ணு இதுவரைக்கும் பார்த்ததே இல்லைன்னு சொன்னாங்க" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊரெல்லாம் சுற்றி, ஒரு பேருந்தையும் ஒரு லிஃப்டையும் ஒரு குளியலறைச் சுவரையும் பிழிந்து எடுத்த டிசைன் அல்லவா? ஆகவே அண்ணி, "தம்பிக்கு டிசைன் தோணாது என்று நான் சொன்னது தவறு" என்று உங்கள் கைப்பட எழுதி, கீழே அண்ணனையும் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி அனுப்ப வேண்டியது. சிரித்தது அவரும்தானே.

அண்ணனுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு நான் உறை பின்னி அனுப்புகிறேன், அளவை மட்டும் எழுதவும். உங்கள் ஊசியில் நூல் எப்போதும் முதல் தடவையிலேயே கோக்கட்டும், வீட்டில் எல்லோரும் நிறைவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசலைத் தாண்டிய ஸ்வெட்டரின் கர்த்தா,
உங்கள் அன்புக் கொழுந்தன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன் உங்கள் ஓரகத்தி அன்றைய கூட்டத்தின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூக்குக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். நடுவில் கேக்கோடு அவள் நிற்கிறாள். இரண்டு பக்கமும் நீலக்கோடு போட்ட இரண்டு பைகள் வெளியே தொங்குகின்றன. முந்தின நாள் ராத்திரி, அவள் நாற்காலி மேல் வைத்துவிட்டுப் போன பிறகு, நூல் முனைகளை நறுக்குவதற்காக உள்பக்கத்தை வெளியே திருப்பியவன் நான்தான், திரும்பவும் மாற்ற மறந்திருக்கிறேன். அவளும் அவசரத்தில் அப்படியே போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். "உனக்குத் தெரியவே இல்லையா?" என்றேன். "பேனாவை வைக்கப் போனப்பதான் தெரிஞ்சுது. அதுக்குள்ள டைரக்டர் அம்மா, பாக்கெட்டை இப்படி வெளியில காட்டணும்னு யாருக்குத் தோணும், அருமைன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எப்படிங்க திருப்பிப் போடறது?" என்றாள். அந்த அம்மாளுக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டுமாம். எனவே நான் மேலே கேட்ட மன்னிப்பை அனுப்ப வேண்டாம், அண்ணனிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்க வேண்டாம். "அப்போ அந்தக் கயிறு முறுக்கை யாருமே பார்க்கலையா?" என்று கேட்டேன். "அது உள்பக்கம் என் முதுகுல இருந்துச்சு. நாள் முழுக்கக் கதகதப்பா இருந்துச்சு" என்றாள். இன்று காலை அவள் கிளம்பும்போது நானே ஸ்வெட்டரைச் சரியான பக்கம் திருப்பி நீட்டினேன். வாங்கினாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கயிறு உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது அண்ணி.